ஜெர்மனியில் ஓராண்டுத் தன்னார்வச் சேவை: இடம் தேடுவது முதல் ஊர் திரும்புவது வரை

ரைன்கரை

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஜெர்மனிக்குத் தன்னார்வச் சேவைக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்காக இந்த இழை. விளம்பரங்களில் மூன்று வெவ்வேறு திட்டங்களை ஒன்றாகக் கலக்கிச் சொல்கிறார்கள். அதனால் முதலில் எது எது என்று பிரித்துக்கொள்வோம்.

எஃப்.எஸ்.ஜே. 1964 முதல் சட்டப்படி நடக்கும் இளைஞர் சமூக சேவை ஆண்டு. 27 வயது நிறையும் முன் சேர வேண்டும். முதியோர் இல்லம், மழலையர் பள்ளி, மருத்துவமனை, மாற்றுத்திறனாளிகளின் தொழிற்கூடம் போன்ற இடங்களில் வேலை. இதே சட்டத்தில் சுற்றுச்சூழல் ஆண்டும் உண்டு. அதில் பண்ணை, காடு, இயற்கைப் பூங்கா.

பி.எஃப்.டி. 2011 ஜூலை 1 அன்று தொடங்கியது. கட்டாய ராணுவ சேவையை நிறுத்தியபோது, ராணுவத்துக்குப் பதிலாக இளைஞர்கள் செய்துவந்த சிவில் சேவையும் நின்றுபோனது. அந்த வெற்றிடத்துக்காகக் கூட்டாட்சி அரசு கொண்டுவந்த திட்டம் இது. மேல் வயது வரம்பு இல்லை. ஒப்பந்தத்தில் அரசும் ஒரு தரப்பு.

வெல்ட்வேர்ட்ஸ் 2008-இல் ஜெர்மன் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சகம் தொடங்கியது. முதலில் ஜெர்மன் இளைஞர்கள் இந்தியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று போனார்கள். 2013 முதல் எதிர்த்திசையிலும் வரலாம். வயது 18 முதல் 28. இதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஜெர்மன் அமைப்போடு ஒப்பந்தம் வைத்திருக்கும் நம் நாட்டுக் கூட்டாளி அமைப்புதான் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். இடங்கள் குறைவு. ஆனால் பயணச்செலவும் முன்தயாரிப்பும் திட்டத்துக்குள்ளேயே வந்துவிடும்.

நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்கக் கூடியவை முதல் இரண்டும். இரண்டிலும் குறைந்தது 6 மாதம், வழக்கமாக 12, பொதுவாக அதிகபட்சம் 18. முழுநேர வேலை, வாரம் ஏறக்குறைய 39 மணி நேரம். 27 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஓராண்டுக்கு 25 கருத்தரங்க நாட்கள் கட்டாயம். அவை வேலை நாட்களாகவே கணக்கு.

நெல்லைச்சீமை

நன்றி. கையில் எவ்வளவு வரும் என்று ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். 1,000 யூரோ "சம்பளம்" என்றுகூட ஒரு வீடியோவில் பார்த்தேன். நிஜத்தில் எவ்வளவு?

ரைன்கரை

சம்பளம் கிடையாது. கைச்செலவுப் பணம்தான் உண்டு. அதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது. ஓய்வூதியக் காப்பீட்டுக்காக ஆண்டுதோறும் அறிவிக்கும் வருமான வரம்பில் 8 சதவீதம். 2025-இல் அது மாதம் 644 யூரோ, 2026-இல் 676 யூரோ. 2024 மே வரை 6 சதவீதமாக இருந்தது, அதனால் பழைய பதிவுகளில் குறைந்த தொகை பார்ப்பீர்கள். இது உச்சம் மட்டுமே. பெரும்பாலான இடங்கள் இதைவிடக் குறைவாகத்தான் தருகின்றன. 400, 450 என்று எழுதியிருந்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம்.

தங்குமிடம், சாப்பாடு இரண்டும் இதற்கு மேலே வருபவை, ஆனால் கட்டாயம் அல்ல. பணியிடம் தரலாம், அல்லது பணமாக ஒரு தொகை தரலாம், தராமலும் இருக்கலாம். மருத்துவம், ஓய்வூதியம், பராமரிப்பு, வேலையின்மை, விபத்து ஆகிய ஐந்து காப்பீட்டுத் தொகையையும் முழுக்க அவர்களே கட்ட வேண்டும். உங்கள் கைச்செலவிலிருந்து அதற்காக ஒரு சென்ட் பிடிக்கக் கூடாது. கைச்செலவுப் பணத்துக்கு வருமான வரியும் இல்லை.

துணைவிளக்கு

கைச்செலவுத் தொகையை ஒப்பிட்டு இடம் தேர்ந்தெடுப்பவர்கள்தான் பெரும்பாலும் சிக்குகிறார்கள். பார்க்க வேண்டியது தங்குமிடம். மாதம் 450 யூரோவும் ஒரு அறையும் தரும் சின்ன ஊர், 650 யூரோ தந்து "அறை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் மியூனிக்கைவிட எத்தனையோ மேல். மியூனிக், பிராங்க்பர்ட், ஹாம்பர்க் போன்ற நகரங்களில் கைச்செலவுப் பணம் முழுவதும் ஒரு அறை வாடகைக்கே பத்தாது. அது போக முன்பணம் வேறு, பல இடங்களில் இரண்டு மூன்று மாத வாடகை.

விசாவுக்கும் இதுவே முக்கியம். வாழ்க்கைச் செலவு எப்படி நடக்கும் என்று தூதரகம் கேட்கும். "இலவச அறை, பணி நாட்களில் உணவு, கைச்செலவு இவ்வளவு" என்று ஒப்பந்தத்தில் எண்ணோடு இருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது. வாய்மொழியாக "தங்க இடம் ஏற்பாடு செய்வோம்" என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். கேட்க வேண்டியவை: அறை தனியா, பகிர்வா, பணியிடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், காலை 6 மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் பேருந்து இருக்கிறதா, முகவரிப் பதிவுக்கான உறுதிப்படிவம் தருவார்களா, கருத்தரங்கு வாரத்திலும் விடுப்பிலும் அறையில் இருக்கலாமா.

பேருந்துக் கேள்வி சின்னதாகத் தோன்றும். கிராமப்புற முதியோர் இல்லத்தில் காலைப் பணி 6.30-க்கு. முதல் பேருந்து 7.10-க்கு என்றால் பனிக்காலத்தில் என்ன செய்வீர்கள்? அதைக் கேட்காமல் வந்து மூன்றாம் மாதத்தில் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு.

வன்னிக்காற்று

ஜேர்மனியில் இருந்து எழுதுகிறேன். செலவுக் கணக்கைச் சரியாகச் சொல்ல வேணும் என்பதற்காக இது. அறையும் சாப்பாடும் கிடைக்கிற ஒருவருக்கு மாதாந்தம் போகிற காசு: தொலைபேசி 10 முதல் 15 யூரோ. நாடு முழுக்கச் செல்லுபடியாகிற மாதப் பயணச்சீட்டு 2025-இல் 58, 2026 ஜனவரியில் இருந்து 63 யூரோ. அதைப் பணியிடமே தருமா என்று முதலே கேளுங்கோ, கன இடங்களில் தருகினம். பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு 18.36 யூரோ. தன்னார்வலர் என்பதற்காக அது தள்ளுபடி ஆகாது. ஒரு வீட்டில் நாலுபேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்ப வேணும். முகவரி பதிந்த பிறகு அந்தக் கடிதம் கட்டாயம் வரும். ஜேர்மன் விளங்கவில்லை என்று மேசையில் போட்டு வைத்தால் தவணை தவறிய தொகையோடு திரும்ப வரும்.

முதல் மாதக் கைச்செலவு மாதக் கடைசியில்தான் வரும் என்று எண்ணிக்கொண்டு, 600 முதல் 800 யூரோ கையில் கொண்டு வாங்கோ. குளிர் உடுப்பு, சப்பாத்து, வதிவிட அனுமதிக் கட்டணம் எல்லாம் அந்த முதல் ஆறு கிழமைக்குள்ளேதான் வரும்.

நெல்லைச்சீமை

மொழி? ஜெர்மன் ஏ2 (அடிப்படை நிலை) போதும் என்கிறார்கள், பி1 (அதற்கு அடுத்த இடைநிலை) வேண்டும் என்கிறார்கள்.

மொழிப்பட்டறை

விசாவுக்கு என்ன நிலை என்பதைச் சென்னைத் துணைத் தூதரகத்தின் அன்றைய ஆவணப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அது மாறும். வேலைக்கு என்ன நிலை என்பது தனிக் கேள்வி. ஏ2 என்பது மழலையர் பள்ளியிலோ பண்ணையிலோ தொடங்க ஓரளவு தாங்கும். முதியோர் இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் பி1 இல்லாமல் போவது உங்களுக்கும் சிரமம், அங்கிருப்பவர்களுக்கும் ஆபத்து.

ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடத்தில் இருபது பேரைப் பற்றிய தகவல் சொல்லப்படும். வேகமாக, சுருக்கெழுத்துச் சொற்களோடு, பல இடங்களில் வட்டார வழக்கில். அதில் "இவருக்கு விழுங்குவதில் சிரமம், தண்ணீரைக் கெட்டியாக்கித்தான் தர வேண்டும்" என்று ஒரு வரி வரும். அதைத் தவறவிட்டு, அவர் கேட்டாரே என்று ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரை கொண்டுபோகும். அன்பு மட்டும் அங்கே போதாது.

நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் படித்தாலும் வேறெங்கு படித்தாலும், தேர்வுக்குப் பிறகு மூன்று மாதம் இவற்றைத் தனியாகப் பழகுங்கள்: உடல் உறுப்புகளும் வலியும், உணவு, விழுங்குதல், கழிப்பறை, உடை மாற்றுதல், "மெதுவாகச் சொல்லுங்கள்", "நான் சொன்னது சரியா" என்று திருப்பிக் கேட்கும் வாக்கியங்கள், தொலைபேசியில் உடல்நலக் குறைவைத் தெரிவித்தல், கடிகார நேரம். ஜெர்மனில் "ஹால்ப் ஆக்ட்" என்றால் ஏழரை மணி. எட்டரை என்று எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாக வருவது ஆண்டுதோறும் வரும் எல்லாத் தன்னார்வலர் தொகுதியிலும் நடக்கிறது.

சான்றிதழ் கோதே, டெல்க், ஓ.எஸ்.டி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வுகளுள் ஒன்றினுடையதாக இருக்கட்டும். பயிற்சி மையம் தானே அச்சிட்டுத் தரும் "பி1 முடித்தார்" தாளை விசா அதிகாரி ஏற்பதில்லை. பழைய சான்றிதழும் வேண்டாம். ஓராண்டுக்கு மேல் ஆனால் கேள்வி வரும்.

தாழை

நேரடியாகவே கேட்கிறேன். இங்கே பாதிப் பேருக்கு நோக்கம் சேவை இல்லை. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் தொழிற்பயிற்சியில், அதாவது ஆஸ்பில்டுங்கில் சேர வேண்டும்; அதற்கு இது வழி. இதில் என்ன தவறு? அந்த நாட்டுக்கும் செவிலியர் வேண்டும், நமக்கும் வேலை வேண்டும்.

துணைவிளக்கு

பிறகு ஆஸ்பில்டுங் போவதில் தவறே இல்லை. ஜெர்மன் இளைஞர்களிலும் நிறையப் பேர் ஒரு துறை தனக்கு ஒத்துவருமா என்று பார்க்கத்தான் இந்த ஆண்டைச் செய்கிறார்கள். ஓராண்டு முடித்தவர்களைப் பணியிடமே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதும் வழக்கம்.

தவறு எங்கே தொடங்குகிறது என்றால், இந்த ஆண்டையே ஒரு தடையாக நினைத்து எப்படியாவது கடத்திவிடலாம் என்று வரும்போது. ஒரு மாற்றுத்திறனாளிகள் குடியிருப்பில் தன்னார்வலர்தான் ஒருவரை நடக்க அழைத்துப் போகிறவர், கடைக்குத் துணை, மாலையில் சீட்டாட்டத்துக்கு ஆள். அவர் நான்காம் மாதம் சொல்லாமல் வேறு நகரத்துக்குப் போய்விட்டால் அந்த மனிதருக்கு ஏன் என்று விளக்க யாராலும் முடியாது. அடுத்த ஆண்டு அந்த இல்லம் "இந்தியாவிலிருந்து வேண்டாம்" என்று சொல்லிவிடும். பின்னால் வருகிறவருக்கு அந்தக் கதவு மூடிப்போகும்.

ரைன்கரை

விசா கோணத்திலும் இதுதான். தூதரகம் இந்த விசாவை நிராகரிக்கும்போது அடிக்கடி சொல்லும் காரணம், பயண நோக்கம் நம்பும்படி இல்லை என்பது. நர்சிங் பட்டம் முடித்து மூன்று வருடம் வேலை பார்த்த ஒருவர் கைச்செலவுப் பணத்துக்கு உதவியாளராக ஏன் வருகிறார் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். பட்டம் பெற்ற செவிலியருக்குத் தகுதி அங்கீகார வழி தனியாக இருக்கிறது, அதுதான் அவருக்கு நேர்வழி. 19 வயதில் பிளஸ் டூ முடித்தவருக்கு இந்த ஆண்டு பொருந்துகிறது.

ஊக்கக் கடிதத்தில் ஆஸ்பில்டுங் ஆசையை மறைக்க வேண்டாம். மறைத்துவிட்டு நேர்காணலில் வாய்தவறினால் அதுதான் பிரச்சினை. ஏன் முதலில் இந்த ஆண்டு, ஏன் இந்தப் பணியிடம், ஊரில் இதற்கு ஒத்த எதைச் செய்திருக்கிறீர்கள், முடிந்தபின் என்ன திட்டம் என்று ஒரு பக்கத்தில் உங்கள் சொந்த ஜெர்மனில் எழுதுங்கள். பி1 சான்றிதழ் வைத்திருப்பவர் சி1 என்ற உயர்நிலை நடையில் கடிதம் அனுப்பினால் அதை யாரோ எழுதித் தந்தது முதல் வரியிலேயே தெரியும். ஒரே வார்ப்புக் கடிதம் ஐம்பது பேரிடமிருந்து வந்து குவிகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தாழை

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அந்த மாற்றம் நடைமுறையில் எப்படி? நாடு திரும்பி மீண்டும் விசா எடுக்க வேண்டுமா?

ரைன்கரை

பெரும்பாலும் வேண்டாம். பயிற்சி ஒப்பந்தம் கையில் இருந்தால் உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்திலேயே வதிவிட அனுமதியின் நோக்கத்தை மாற்ற விண்ணப்பிக்கலாம். நேரம்தான் பிரச்சினை. பயிற்சிகள் ஆகஸ்ட், செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் வந்தவர் டிசம்பருக்குள் விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்க வேண்டும். செவிலியர் பயிற்சி மூன்று ஆண்டு. நம் பள்ளிச் சான்றிதழை அந்த மாநிலத்தின் கல்வி அலுவலகம் ஒப்பிட்டுச் சான்று தர வேண்டும், அது சில மாதங்கள் பிடிக்கும். மொழிபெயர்ப்பு ஜெர்மனியில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்திருந்தால் தொல்லை இல்லை. அனுமதி காலாவதியாகும் முன் விண்ணப்பித்துவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் நிலைமை வேறு.

நெல்லைச்சீமை

ஏஜென்சி பற்றி: 2 லட்சம், 3 லட்சம் என்று கேட்கிறார்கள். "ட்ரேகருக்குக் கட்ட வேண்டிய பணம்" என்கிறார்கள். உண்மையா?

ரைன்கரை

ட்ரேகர் என்பது உங்களுக்கும் பணியிடத்துக்கும் நடுவே பொறுப்பேற்கும் அமைப்பு. செஞ்சிலுவைச் சங்கம், காரித்தாஸ், டியாகோனி, ஏ.டபிள்யூ.ஓ., இன்டர்நேஷனலர் பண்ட் போன்றவை பெரியவை. சர்வதேசத் தன்னார்வலர்களை அழைப்பதில் பழக்கம் உள்ளவற்றில் பெர்லினின் ஐ.சி.ஜே.ஏ. ஒன்று. எஃப்.எஸ்.ஜே. இடத்தை யாரும் விற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து ஆட்களை அழைக்கும் சில அமைப்புகள் நிர்வாகக் கட்டணம் வாங்கலாம். அப்படியென்றால் அது அவர்களுடைய சொந்தத் தளத்தில் வெளிப்படையாக இருக்கும், அவர்களுடைய ஜெர்மன் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். தனிநபர் ஜிபே எண்ணுக்குப் போகும் பணம் ட்ரேகருக்குப் போவதில்லை.

சரிபார்ப்பது எளிது. பி.எஃப்.டி. என்றால் அரசின் தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களின் தேடல் இருக்கிறது, அதில் அந்த இல்லத்தின் பெயர் வர வேண்டும். ஒப்பந்தத்தில் கொலோன் நகரில் தலைமையகம் உள்ள கூட்டாட்சி அலுவலகத்தின் ஒப்புதல் இருக்க வேண்டும். எஃப்.எஸ்.ஜே. என்றால் ட்ரேகர், பணியிடம், நீங்கள் என்று மூன்று கையெழுத்து. ஒப்பந்தத்தில் இருக்கும் தொலைபேசியை நம்பாமல், இணையத்தில் அந்த அமைப்பின் பொது எண்ணைத் தேடி எடுத்து அழையுங்கள். ஐந்து நிமிட அழைப்பு. ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் ஒப்பந்தத்தை உடனே நிறுத்திவையுங்கள்.

இன்னொன்று, அப்போஸ்டில், அதாவது ஓர் ஆவணம் உண்மையானது என்று பன்னாட்டு உடன்படிக்கையின்படி அரசு தரும் சான்று. "எல்லாச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் வாங்கித் தருகிறோம்" என்று ஒரு தொகை கறப்பார்கள். இந்தியா அந்த உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இரு நாடுகளுக்கும் இடையே அப்போஸ்டில் செல்லாது. ஜெர்மன் அலுவலகம் ஒரு ஆவணத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் தூதரகம் வழியாகத் தனி முறையில் செய்துகொள்ளும். அந்தச் செலவை மிச்சப்படுத்துங்கள்.

குறிஞ்சிக்காடு

விண்ணப்பிக்கும் கால அட்டவணையை யாராவது பின்னோக்கிக் கணக்கிட்டுச் சொல்ல முடியுமா?

துணைவிளக்கு

பெரும்பாலான தொகுதிகள் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்குகின்றன. செப்டம்பர் 1 என்று வைத்துக்கொண்டால், முந்தைய நவம்பர் முதல் பிப்ரவரி வரை விண்ணப்பக் காலம். அதற்குள் மொழிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், "மார்ச்சில் தேர்வு எழுதுவேன்" என்பவரை அடுத்த தொகுதிக்குத் தள்ளிவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் காணொளி நேர்காணல். ஏப்ரலுக்குள் ஒப்பந்தம். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் விசா விண்ணப்பம். இரண்டு மூன்று மாதம் ஆகலாம் என்று கணக்கு வையுங்கள். விசா தாமதமானால் ஒப்பந்தத்தில் தொடக்க நாளை மாற்றி மறுபடி கையெழுத்திட வேண்டும். நிறைய ட்ரேகர்கள் ஓரிரு மாதம் தள்ளிவைக்க ஒத்துக்கொள்வார்கள், ஆனால் நீங்கள் முன்கூட்டியே சொன்னால்தான். ஆகஸ்ட் 28 அன்று "இன்னும் விசா வரவில்லை" என்று எழுதுவது சரியல்ல. பணியிடம் உங்களை வைத்து ஷிப்ட் போட்டிருக்கும், தொடக்கக் கருத்தரங்குக்கு இடம் பதிந்திருக்கும்.

நேர்காணலில் மொழியைச் சோதிப்பதோடு வேலையின் உண்மை முகத்தைச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒரு முதியவரைக் குளிக்கவைக்க உதவ முடியுமா? எதிர்பாலினத்தவர் என்றால்? மாட்டிறைச்சி பரிமாற முடியுமா? நாய் இருக்கும் வீட்டில் வேலை செய்வீர்களா? எது முடியாதோ அதை அங்கேயே சொல்லுங்கள். முடியாததைச் சொன்னால் வேறு பொருத்தமான பிரிவு தருவார்கள். எல்லாவற்றுக்கும் "ஆம்" சொன்னவரைத்தான் அவர்கள் சந்தேகிப்பார்கள்.

ரைன்கரை

விசாவுக்கு: நீண்டகால தேசிய விசா, வதிவிடச் சட்டம் பிரிவு 19சி. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் முன் ஒப்புதல் இதற்குத் தேவையில்லை. கட்டணம் 75 யூரோவுக்கான ரூபாய், அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். ஒப்பந்தம், மொழிச் சான்று, பள்ளிச் சான்றிதழ்கள், தன்விவரம், ஊக்கக் கடிதம், தங்குமிட உறுதி, பயண நாட்களுக்கான மருத்துவக் காப்பீடு. கடைசியாகச் சொன்னதை வந்திறங்கும் நாளிலிருந்து பணி தொடங்கும் நாள் வரை இடைவெளி விடாமல் எடுங்கள். ஜெர்மன் அரசு மருத்துவக் காப்பீடு பணியின் முதல் நாளில்தான் தொடங்கும். ஐந்து நாள் முன்னதாக வந்தால் அந்த ஐந்து நாள் உங்கள் பொறுப்பு.

குழந்தைகள், பராமரிப்பு தேவைப்படுவோர் இருக்கும் இடத்துக்குக் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். பாஸ்போர்ட் சேவா வழியாக எடுத்துவிடுங்கள். ஜெர்மனியிலும் விரிவான நன்னடத்தைச் சான்று எடுப்பார்கள், தன்னார்வலருக்கு அது இலவசம். புதிதாக வந்தவருக்கு அதில் ஒன்றும் இருக்காது என்பதால்தான் ஊர்ச் சான்றையும் கேட்கிறார்கள்.

மொழிப்பட்டறை

தட்டம்மை தடுப்பூசியை விட்டுவிட்டீர்கள். 2020 மார்ச் முதல் மழலையர் பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் 1970-க்குப் பிறகு பிறந்தவர்கள் சான்று இல்லாமல் வேலை தொடங்கவே முடியாது. குழந்தைப் பருவ அட்டை தொலைந்திருந்தால் இரண்டு வழி: இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று சோதித்து ஆய்வகத் தாள் வாங்குவது, அல்லது எம்.எம்.ஆர். இரண்டு தவணை, குறைந்தது நான்கு வார இடைவெளியில். விசா நேரத்திலேயே முடித்துவிட்டால் நல்லது. மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, தேதி, மருந்தின் பெயர் நான்கும் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

சமையலறை வேலை இருந்தால் உள்ளூர் சுகாதார அலுவலகத்தில் உணவுச் சுகாதார அறிவுறுத்தல் பெற வேண்டும். வேலை தொடங்கும் நாளில் அது மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதனால் அதை வந்தபிறகே செய்துகொள்வார்கள்.

வன்னிக்காற்று

வந்திறங்கினால் வரிசை முக்கியம். வீட்டு உரிமையாளரின் படிவத்தோடு இரண்டு கிழமைக்குள் நகரசபையில் முகவரி பதிய வேணும். அதிலிருந்துதான் வரி எண் தபாலில் வரும். பிறகு வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீட்டு உறுப்புரிமை. வதிவிட அனுமதிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் எடுக்கிறதை முதல் கிழமையிலேயே செய்யுங்கோ. சில நகரங்களில் நேரம் கிடைக்க இரண்டு மூன்று மாதம் ஆகுது, விசாவோ சிலருக்கு ஆறு மாதத்துக்கு மட்டும்தான் தந்திருப்பினம். வதிவிட அனுமதி அட்டைக்கு ஒரு வருடம் வரை என்றால் 100 யூரோ. கதவு தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேணும். பெயர் இல்லை என்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டு போய்விடுவார், வரி எண்ணும் வங்கி அட்டையும் வராது.

தாழை

பகுதிநேர வேலை?

ரைன்கரை

வதிவிட அனுமதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே. வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதியும் ட்ரேகரின் ஒப்புதலும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை உணவு விநியோகம் செய்தால் அது சட்டவிரோத வேலை. அடுத்த அனுமதி, ஆஸ்பில்டுங் எல்லாம் அதில் போய்விடும்.

குறிஞ்சிக்காடு

பணியிடம் ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டித் தன்னார்வலரை முழு ஊழியர்போல நடத்தினால்?

துணைவிளக்கு

இதுதான் இந்த இழையில் அதிகம் பேச வேண்டிய விஷயம். சட்டத்தின்படி தன்னார்வலர் துணை ஆள். ஊழியரின் இடத்தை நிரப்ப அவரைப் பயன்படுத்தக் கூடாது. நடைமுறையில் பராமரிப்புத் துறையில் ஆள் குறைவு, காய்ச்சல் பருவத்தில் இன்னும் மோசம். அப்போது கோடு மெல்ல நகரும். முதலில் "இன்று மட்டும்", பிறகு வாரத்தில் மூன்று நாள்.

எது கோட்டுக்கு அப்பால் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு தளத்தில் தனியாக விடப்படுவது. மருந்து பிரித்து வைப்பது, ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது. தூக்கும் கருவியால் ஒருவரைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தனியே மாற்றுவது. இவை எதுவும் தன்னார்வலர் வேலை இல்லை. உணவு ஊட்ட உதவுவது, நடக்கத் துணைபோவது, படுக்கை விரிப்பது, பேசிக்கொண்டிருப்பது, விளையாட்டு, உடை மாற்ற உதவி, இவையெல்லாம் பயிற்சி தந்தபிறகு செய்யலாம். மாற்றுத்திறனாளிகள் தொழிற்கூடத்தில் பொதுவாக 12 பேருக்கு ஒரு குழுத்தலைவர். தன்னார்வலர் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர், அவர் இல்லாதபோது குழுவை நடத்துபவர் அல்ல.

கோடு தாண்டினால் என்ன செய்வது? அன்றே மறுத்துச் சொல்லலாம்: "எனக்கு இது அனுமதி இல்லை, யாராவது கூட வாருங்கள்". இதை ஜெர்மனில் மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள். நம் பிள்ளைகள் மூத்தவர் சொன்னால் மறுப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துச் செய்துவிடுகிறார்கள். விபத்து நடந்தால் அப்போது யார் சொன்னார் என்று யாருக்கும் நினைவிருக்காது. மறுப்பதை அங்கே யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு தேதி, நேரம், என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதிவைத்து, ட்ரேகரின் கல்வி வழிகாட்டிக்கு மின்னஞ்சல். ஒருவர் கீழே ஏறக்குறைய 40 தன்னார்வலர்கள் இருப்பார்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியவராது. தேவைப்பட்டால் அதே ட்ரேகருக்குள் பணியிடம் மாற்றித் தருவார்கள். இந்த மாற்றத்தை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் பல அட்டைகளில் பணியிடத்தின் பெயரே அச்சாகியிருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் ரத்தாகும் காரணங்களில் முதலிடத்தில் வருபவை: தெரிவிக்காமல் வராமல் இருப்பது, கருத்தரங்குகளைத் தவிர்ப்பது, இல்லவாசிகளின் படத்தை ரீல்ஸில் போடுவது. மூன்றாவது ரகசியக் காப்பு மீறல். முகம் தெரியாவிட்டாலும், பாட்டி சிரிக்கிறார் அழகாக இருக்கிறது என்று போட்டாலும் மீறல்தான். உடல்நலம் சரியில்லை என்றால் ஷிப்ட் தொடங்கும் முன் தொலைபேசியில் சொல்ல வேண்டும். வாட்சப் செய்தி எல்லா இடத்திலும் ஏற்கப்படாது.

தொடக்கத்தில் தகுதிகாண் காலம் உண்டு, பெரும்பாலும் ஆறு வாரம். அதற்குள் இரு தரப்பும் குறுகிய அறிவிப்பில் விலகலாம், பிறகு நான்கு வார அறிவிப்பு. விலகினால் வதிவிட அனுமதியின் அடிப்படை போய்விடும் என்பதால், அடுத்த இடத்தை உறுதி செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

குறிஞ்சிக்காடு

பிரான்சில் குடியிருக்கும் உறவினர் பிள்ளைகள் ஐரோப்பிய ஒற்றுமைப் படை என்கிறார்கள். அது நமக்கும் உண்டா?

ரைன்கரை

அது ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம். 18 முதல் 30 வயது, தனிநபர் சேவை 2 முதல் 12 மாதம், பயணம், தங்குமிடம், உணவு, காப்பீடு, நாள் கணக்கில் கைச்செலவு எல்லாம் திட்டமே தரும். தகுதியைத் தீர்மானிப்பது நீங்கள் சட்டப்படி எந்த நாட்டில் குடியிருக்கிறீர்கள் என்பது. பிரான்சிலோ ஜெர்மனியிலோ குடியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அருமையான வாய்ப்பு, தரக்குறியீடு பெற்ற அமைப்புகளில் மட்டும்தான் சேர முடியும். இந்தியாவிலும் இலங்கையிலும் குடியிருப்பவர்களுக்கு இல்லை. நீண்டகாலத் தனிநபர் சேவையை வாழ்நாளில் ஒருமுறைதான் செய்யலாம் என்பதால் முதலில் கிடைத்த இடத்தில் பாய்ந்துவிட வேண்டாம்.

நெல்லைச்சீமை

கடைசியாக: ஓராண்டு முடிந்து ஊர் திரும்புகிறவர் என்னென்ன வாங்கிக்கொள்ள வேண்டும்? கட்டிய ஓய்வூதியப் பணம் திரும்பக் கிடைக்குமா?

ரைன்கரை

கிடைக்காது. திரும்பத் தருவது காப்பீடு பெற்றவர் தன் பங்காகக் கட்டியதை மட்டும். உங்கள் பங்கையும் பணியிடத் தரப்பே கட்டியதால் திரும்ப ஒன்றுமில்லை. ஆனால் அந்த 12 மாதம் உங்கள் காப்பீட்டுக் கணக்கில் பதிவாகியிருக்கும். பிற்காலத்தில் ஜெர்மனியில் வேலை பார்த்தால் அது சேரும், அதனால் ஓய்வூதியக் காப்பீட்டு எண் உள்ள கடிதத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

கிளம்பும் முன் முகவரிப் பதிவை நீக்க வேண்டும், அந்தத் தாளைக் காட்டித்தான் தொலைபேசி ஒப்பந்தத்தையும் ஒலிபரப்புக் கட்டணத்தையும் முடிக்க முடியும். கடைசி மாதக் கைச்செலவு வரும்வரை வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.

துணைவிளக்கு

சான்றிதழ் இரண்டு வகை. சேவை செய்தீர்கள் என்பதற்கான எளிய தாள் தானாக வரும். என்ன வேலை செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று மதிப்பிட்டு எழுதும் விரிவான சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும், ஆஸ்பில்டுங் விண்ணப்பத்துக்கு அதுதான் எடுபடும். முடியும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள். அதை எழுதித் தர வேண்டியவர் கோடை விடுமுறையில் போய்விடுவார்.